கூலிங்கிளாஸ் போட்டா போன் ஏன் கறுக்குது? வயக்காட்டுத் தண்ணி சொல்லும் ஒளிக்கணக்கு!

புதுசா ஒரு 'போலரைஸ்டு' கூலிங்கிளாஸ் வாங்கியிருக்கீங்க. பைக்கை ஓரமா நிறுத்திட்டு, மேப் பார்க்கலாம்னு போனை எடுக்கிறீங்க. நேரா பிடிச்சா தெரியுது. படுக்கை வாட்டத்துல திருப்பினா மொத்தத் திரையும் கறுப்பு. போன் செத்துப்போச்சோன்னு பதறி கண்ணாடியைக் கழட்டினா, போன் நல்லாத்தான் இருக்கு. திரும்பப் போட்டா திரும்பக் கறுப்பு!

இது போனோட கோளாறும் இல்ல, கண்ணாடியோட கோளாறும் இல்ல. ரெண்டுமே சரியா வேலை செய்யுதுங்கிறதுக்கான அடையாளம். பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்துல 'தளவிளைவு'ன்னு ஒரு பாடம் வந்திருக்கும், ஞாபகம் இருக்கா? மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்துபோன அதே பாடம்தான் இப்போ உங்க மூக்கு மேல உட்கார்ந்திருக்கு. அதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா, கடையில ஏமாறாம கண்ணாடி வாங்கலாம், பெரிய கோயிலை நல்லா படம் பிடிக்கலாம். சில இடங்கள்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டி வைக்கணும்னும் தெரியும்.

பாதி வெளிச்சம் வாசல்லயே காலி

ஒளி ஓர் அலை. அலைன்னா அதிர்வு. ஒரு கயிறோட ஒரு முனையைச் சுவத்துல கட்டிட்டு, மறுமுனையை மேலும் கீழுமா ஆட்டினா கயிறு மேலும் கீழுமா அதிரும். பக்கவாட்டுல ஆட்டினா பக்கவாட்டுல அதிரும். ரெண்டு அதிர்வும் போற திசை ஒண்ணுதான், ஆடுற வாகுதான் வேற. சூரியன்லேர்ந்து, டியூப் லைட்லேர்ந்து வர்ற வெளிச்சத்துல எல்லா வாகுலயும் ஆடுற அலைகள் கலந்து கிடக்கும். திருவிழாக் கூட்டம் மாதிரி, ஒழுங்கே கிடையாது.

இப்போ அந்தக் கயிறை செங்குத்தா கம்பி போட்ட ஒரு ஜன்னல் வழியா விடுங்க. மேலும் கீழும் ஆடுற அதிர்வு கம்பிகளுக்கு நடுவுல புகுந்து போயிடும். பக்கவாட்டு அதிர்வு கம்பியில முட்டி நின்னுடும். போலரைஸ்டு கண்ணாடி செய்யுறதும் இதுதான்: ஒரே ஒரு வாகுல ஆடுற ஒளியை மட்டும் விட்டுட்டு, மத்ததை விழுங்கிடும். (உண்மையான போலராய்டு தாளுக்குள்ள நீளநீளமான மூலக்கூறுகளை ஒரே திசையில இழுத்து வரிசைப்படுத்தி, அயோடின் ஏத்தியிருப்பாங்க. அந்த மூலக்கூறுகளோட நீளவாட்டத்துல ஆடுற ஒளிதான் உறிஞ்சப்படும். குறுக்கே ஆடுறது தப்பிச்சுப் போகும். அதாவது ஜன்னல் கம்பி உதாரணத்துக்கு நேர் தலைகீழ். ஆனா படம் மனசுல நிக்கட்டும்னு எல்லா வாத்தியாரும் கம்பியைத்தான் சொல்றாங்க, நானும் சொல்லிட்டேன்.)

ஒழுங்கில்லாத சாதாரண வெளிச்சம் ஒரு தளவிளைவுத் தாள் வழியா போனா, சரியா பாதி ஒளிச்செறிவுதான் மறுபக்கம் வரும். தாளை எந்தப் பக்கம் சுத்தினாலும் அதே பாதிதான், ஏன்னா வர்ற ஒளியில எல்லா வாகும் சமமா இருக்கு. நடைமுறையில தாளே கொஞ்சம் கூடுதலா விழுங்குறதால பாதிக்கும் சற்று குறைவாவே வரும்.

சுவாரஸ்யம் ரெண்டாவது தாள்ல இருக்கு.

முதல் தாளைத் தாண்டின ஒளி இப்போ ஒழுங்கா, ஒரே வாகுல ஆடுது. அதுக்கு முன்னாடி ரெண்டாவது தாளை வெச்சு மெதுவா சுத்துங்க. ரெண்டு தாளும் ஒரே வாட்டத்துல இருந்தா முழுசும் வரும். 30 டிகிரி திருப்பினா 75 சதவிகிதம். 45 டிகிரியில பாதி. 60 டிகிரியில கால்வாசி. 90 டிகிரியில ஒண்ணுமே இல்ல, இருட்டு. கோணத்தோட காஸ் மதிப்பை எடுத்து, அதை அதாலயே பெருக்கினா வர்ற எண்தான் இது. இதுக்குப் பேர் மாலஸ் விதி.

இந்தக் கணக்குல ஒரு குசும்பு உண்டு. முதல் 10 டிகிரி திருப்பினா 3 சதவிகிதம்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. நடுவுல, 45 டிகிரி பக்கம், சரசரன்னு இறங்கும். 80 டிகிரி வந்துட்டா மிச்சம் இருக்கிறதே 3 சதவிகிதம்தான். அதனாலதான் போனைத் திருப்பும்போது 'ஒண்ணும் ஆகலையே... ஒண்ணும் ஆகலையே...'ன்னு இருந்துட்டு, திடீர்னு கறுத்துப்போன மாதிரி இருக்கு.

எத்தியேன் லூயி மாலுஸ் நெப்போலியன் படையில பொறியாளரா எகிப்து வரை போய் வந்தவர். 1808-ல் பாரிஸில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து, எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடிகளில் மாலைச் சூரியன் பளபளப்பதை ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். அந்தப் படிகம் எதையும் ரெண்டு ரெண்டாகக் காட்டும். படிகத்தைச் சுற்றியபோது, அந்த ரெண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. நேராக வரும் சூரிய ஒளியில் நடக்காத விஷயம், ஜன்னல் கண்ணாடியில் பட்டு வந்த ஒளியில் நடந்தது. அப்போ, பட்டுத் தெறிப்பதே ஒளியை ஒழுங்குபடுத்துகிறது! இதைக் கண்டுபிடித்து நாலு வருஷத்தில், 36 வயதில் இறந்துபோனார்.

உங்க போனுக்குள்ள ரெண்டு தாள்

எல்.சி.டி திரை எதுவானாலும், லேப்டாப், பழைய டிவி, பெட்ரோல் பங்க் மீட்டர், கால்குலேட்டர், எல்லாத்துலயும் ரெண்டு தளவிளைவுத் தாள் இருக்கு. ஒண்ணு பின்னாடி, ஒண்ணு முன்னாடி, ஒண்ணுக்கொண்ணு குறுக்கே. சும்மா விட்டா வெளிச்சமே வராது. நடுவுல இருக்கிற திரவப் படிகம்தான் ஒளி ஆடுற வாகைத் திருப்பிவிடுது. எவ்வளவு திருப்புதுங்கிறதை மின்சாரம் முடிவு பண்ணுது. ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை டிகிரியோ அத்தனை வெளிச்சம். நீங்க பார்க்கிற ஒவ்வொரு ரீல்ஸும் லட்சக்கணக்கான புள்ளிகள்ல ஒரே நேரத்துல நடக்கிற மாலஸ் கணக்குதான்.

திரையிலேர்ந்து வெளியே வர்ற ஒளி ஏற்கெனவே ஒரே வாகுல இருக்கு. உங்க கூலிங்கிளாஸ் மூணாவது தாளா வந்து சேருது. குறுக்கே அமைஞ்சா இருட்டு. ஓ.எல்.இ.டி போன்கள்ல வேற காரணத்துக்காக, வெளி வெளிச்சம் திரையில பட்டுத் தெறிக்காம இருக்க, ஒரு தளவிளைவுத் தாள் ஒட்டியிருப்பாங்க. விளைவு அதேதான். சில கம்பெனிகள் இந்தத் தாளைச் சாய்வா வெச்சோ, மேல இன்னொரு படலம் ஒட்டியோ சமாளிச்சிருப்பாங்க. அந்த போன்ல கறுக்காது, லேசா மங்கும், அல்லது கலர் கலரா தெரியும்.

வீட்டுல ஒரு விளையாட்டு பண்ணிப் பாருங்க. லேப்டாப்ல வெள்ளைத் திரையைத் திறந்து வைங்க. போலரைஸ்டு கண்ணாடியைக் குறுக்கே பிடிச்சு, திரையைக் கறுப்பாக்குங்க. நடுவுல ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை நுழைங்க. கறுப்புல வானவில் பூக்கும். பிளாஸ்டிக்கை அச்சுல ஊத்தும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம் ஒளியோட வாகைத் திருப்புறதால வர்ற நிறம் அது. அதே மாதிரி, குறுக்கே இருக்கிற ரெண்டு தாளுக்கு நடுவுல மூணாவது ஒரு தாளை 45 டிகிரி சாய்ச்சு வெச்சா, இருட்டா இருந்த இடத்துல வெளிச்சம் வரும்! தடுப்பை அதிகமாக்கினா வெளிச்சம் கூடுதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: முதல் தாள்ல பாதி, அடுத்ததுல அதுல பாதி, கடைசியில அதுலயும் பாதி. ஆரம்பத்துல இருந்ததுல எட்டுல ஒரு பங்கு வெளியே வரும். நடுத்தாள் ஒளியை வெறுமனே தடுக்கல, ஆடுற வாகையே மாத்திவிடுது.

இந்த இடத்துல விளையாட்டை நிறுத்திட்டு ஒரு விஷயம். இப்போ வர்ற பைக், ஸ்கூட்டர் பலதுல ஸ்பீடோமீட்டர் எல்.சி.டி-தான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வண்டியில உட்கார்ந்து, மீட்டர் தெரியுதான்னு கிளம்பும் முன்னாடியே பார்த்துடுங்க. தலையைக் கொஞ்சம் சாய்ச்சாதான் தெரியுதுன்னா அந்தக் கண்ணாடி அந்த வண்டிக்கு ஆகாது. விமான பைலட்டுகள் போலரைஸ்டு கண்ணாடி போடக் கூடாதுன்னு அறிவுறுத்தப்படுறதுக்கும் காரணம் இதுதான், காக்பிட் திரைகள் மங்கிப்போயிடும்.

நடவு முடிஞ்ச வயலில்

சரி, இந்தக் கண்ணாடி எங்கேதான் உதவும்? அதுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வரணும்.

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாறு, குடமுருட்டி, வெட்டாறுன்னு பிரிஞ்சு தண்ணி வாய்க்காலுக்கு வந்து, நடவு முடிஞ்ச சமயத்துல கும்பகோணம் ரோட்டுல போயிருக்கீங்களா? நாத்து இன்னும் தூர் கட்டியிருக்காது. பச்சையைவிடத் தண்ணிதான் அதிகம் தெரியும். ரெண்டு பக்கமும் வரப்புக்கு வரப்பு கண்ணாடி பதிச்ச மாதிரி வானம் கிடக்கும். பார்க்க அழகு, ஆனா கண்ணு கூசும். வரப்புல நின்னு மடை பார்க்கிறவங்க கையை நெத்தியில வெச்சுப் பார்க்கிறது சும்மா இல்ல.

தட்டையான தண்ணியில ஒளி பட்டுத் தெறிக்கும்போது, தண்ணி மட்டத்துக்கு இணையா, படுக்கைவாட்டுல ஆடுற அலைகள்தான் அதிகமா தெறிக்கும். மத்தது தண்ணிக்குள்ள இறங்கிடும். ஒரு குறிப்பிட்ட கோணத்துல தெறிக்கிற ஒளி முழுக்க முழுக்கப் படுக்கைவாட்டுதான். 1815-ல் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ப்ரூஸ்டர் இந்தக் கோணத்துக்கான விதியைச் சொன்னார். தண்ணிக்கு அது செங்குத்துலேர்ந்து 53 டிகிரி. அதாவது தண்ணி மட்டத்துலேர்ந்து கணக்குப் பண்ணினா 37 டிகிரி. சூரியன் அந்த உயரத்துல நிக்கிறது தஞ்சாவூர்ல சுமாரா காலை எட்டே முக்கால், பிற்பகல் மூணே முக்கால் மணி வாக்குல (மாசத்துக்கு மாசம் கொஞ்சம் மாறும்). அந்த நேரத்துல தண்ணியில விழுற வெயில்ல வெறும் 4 சதவிகிதம்தான் தெறிக்குது. ஆனா சூரியனோட 4 சதவிகிதமே கண்ணைப் பிடுங்கப் போதும்.

கூலிங்கிளாஸ்ல இருக்கிற தாள் செங்குத்து அதிர்வை மட்டும் விடுற மாதிரி பொருத்தப்பட்டிருக்கும். படுக்கைவாட்டு ஒளி வந்தா, கோணம் 90 டிகிரி, மாலஸ் கணக்குப்படி பூஜ்ஜியம். பளபளப்பு காணாமப்போய், தண்ணிக்குள்ள இருக்கிற சேறும் நாத்தோட அடித்தண்டும் தெரியும். சாதாரண கறுப்புக் கண்ணாடி எல்லாத்தையும் ஒரே அளவுல இருட்டாக்கும். இது கூச்சத்தை மட்டும் தேடிப் பிடிச்சு வெளியே தள்ளும். மத்த வெளிச்சத்துல பாதியைத்தான் எடுத்துக்கும். கூடுதல் காசு கொடுக்கிறது இதுக்குத்தான்.

தலையைச் சாய்ச்சா? 30 டிகிரி சாய்ச்சா கூச்சத்துல கால்வாசி உள்ளே வந்துடும். வரப்பு ஓரத்துத் தென்னை மரத்தடியில ஒருக்களிச்சுப் படுத்துப் பார்த்தா, கண்ணாடி கூச்சத்தை அப்படியே முழுசா உள்ளே விடும்.

இன்னொண்ணும் இருக்கு, இதைக் கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு கும்பகோணத்துலேர்ந்து தஞ்சாவூர் வர்றீங்கன்னா, பாபநாசம், அய்யம்பேட்டை வரைக்கும் சூரியன் கிட்டத்தட்ட நேர் எதிர்ல. அந்த நேரடி வெயில் எந்த வாகுலயும் ஒழுங்காகாத ஒளி. போலரைஸ்டு கண்ணாடி அதுல பாதியைத்தான் குறைக்கும். சூரியன் தாழ இறங்கிட்டா ஈர ரோட்டுல தெறிக்கிற ஒளியும் முன்ன மாதிரி ஒழுங்கா இருக்காது, கூச்சம் பாதிதான் அடங்கும். 'போலரைஸ்டு போட்டிருக்கேன்'னு நம்பி அந்த நேரத்துல முறுக்கக் கூடாது. மழை பெய்ஞ்ச ரோட்டுல வேற ஒரு சிக்கல். பளபளப்புதான் 'இங்க தண்ணி நிக்குது'ன்னு நமக்குச் சொல்ற அடையாளம். கண்ணாடி அதையே அழிச்சிடும்.

தும்பிகளுக்கு இந்தக் கண்ணாடி தேவையே இல்ல. அதுங்க கண்ணுக்குத் தளவிளைவு நேரடியாவே தெரியும். படுக்கைவாட்டுல ஒழுங்கான ஒளி எங்கேர்ந்து வருதோ அதுதான் தண்ணின்னு அதுங்க கணக்கு. வயலுக்கு வந்து முட்டை போட அதுதான் வழிகாட்டி. ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்பவரின் ஆய்வுக்குழு இதைப் பல வருஷமா ஆராய்ந்திருக்கு. பளபளப்பான கார் பானட், தார் ரோடு, சோலார் பேனல் எல்லாம் தண்ணியைவிட ஒழுங்கான ஒளியைத் தெறிக்கிறதால, நீர்ப்பூச்சிகள் ஏமாந்து அதுமேல முட்டை போட்டு வீணாக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. பேனல்ல வெள்ளைக் கோடுகள் போட்டுக் கட்டம் கட்டமா பிரிச்சா ஏமாறுறது குறையுதுங்கிறதும் அவங்க 2010-ல் சொன்னதுதான். வயல் ஓரத்துல நிறுத்தின காரோட பானட்டை ஒரு தும்பி வாலால தட்டித் தட்டிப் பார்க்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது விளையாடல.

கப்பல்ல ஒரு நிக்கல் பட்டகம்

தண்ணியோட பளபளப்பை விலக்கிட்டு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறது. இதே வேலையை 1921-ல் ஒருத்தர் நடுக்கடலில் செய்தார்.

சர் சி.வி.ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7-ம் தேதி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற திருவானைக்காவலில். அவருடைய முன்னோர்கள் அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் வைத்து விவசாயம் பார்த்தவர்கள். அப்பா காலேஜ் வாத்தியாரானதும் குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டது. 1921-ல் ராமன் கல்கத்தாவில் பேராசிரியர், வயது 32. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் போய்விட்டு 'எஸ்.எஸ்.நர்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்.

மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்கு அப்போது ஒரு பதில் இருந்தது. அன்றைய இயற்பியலின் பெரிய தலை லார்டு ராலே சொன்ன பதில்: அது கடலின் நிறம் இல்லை, கடலில் பிரதிபலிக்கும் வானத்தின் நிறம். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். வயலில் தெரியும் நீலம் வானம்தானே!

ராமனிடம் பாக்கெட்டில் அடங்கும் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. போலராய்டு தாள் வருவதற்கு முந்தைய காலத்து தளவிளைவாக்கி அது. கால்சைட்டை வெட்டி ஒட்டிச் செய்வார்கள். கப்பல் மேல்தளத்தில் நின்று, தண்ணீரை ப்ரூஸ்டர் கோணத்தில் பார்த்து, பட்டகத்தைச் சுற்றினார். தெறிக்கும் ஒளி அணைந்தது. ராலே சொன்னது சரி என்றால் வானத்தின் பிரதிபலிப்பு போனதும் நீலமும் போக வேண்டும். போகவில்லை. மேலே பூசியிருந்த வெளுப்பு நீங்கி, நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது.

நிறம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றதும், கடலின் நிறம் பற்றி 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் அனுப்பினார். அந்த வருஷமே அது வெளியானது. (தண்ணீர் சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்பது இன்றைய புரிதல். ஆனால் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே காரணம் அல்ல என்பதை ஒரு சின்னப் பட்டகம் முடித்துவைத்தது.)

கதை அங்கே நிற்கவில்லை. கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ராமனும் மாணவர்களும் வருஷக்கணக்கில் பார்த்தார்கள். சிதறிய ஒளியில், உள்ளே போன நிறத்தில் இல்லாத வேறு நிறம் மிக மங்கலாகக் கலந்திருந்தது. திரவத்தில் இருக்கும் அழுக்கினால் வரும் ஒளிர்வாக இருக்கலாம் என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. சும்மா ஒளிர்வு என்றால் அந்த ஒளி ஒழுங்கில்லாமல் இருந்திருக்கும். 1928 தொடக்கத்தில் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ்.கிருஷ்ணன் பார்த்தபோது, அந்த மங்கல் ஒளி நன்றாகத் தளவிளைவு பெற்றிருந்தது. பட்டகத்தைச் சுற்றினால் கூடிக் குறைந்தது. இது அழுக்கு இல்லை, புதுசு! பிப்ரவரி 28-ம் தேதி ராமன் விளைவு உறுதியானது. நாம் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். 1930-ல் நோபல் பரிசு.

ஒரு தளவிளைவாக்கியைச் சுற்றும்போது வெளிச்சம் கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் கடைசி வரைக்கும் அவர்கள் கேட்ட கேள்விகளில் முக்கியமானது. பட்டகத்தைச் சுற்றிய கைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

அந்தக் குடும்பத்துக்கே இந்த விஷயத்தில் ஒரு தனிப் பிடிப்பு இருந்திருக்கிறது. ராமனின் அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர், நட்சத்திரங்களுக்காக நோபல் வாங்கியவர். வானத்து ஒளி எந்தத் திசையில் எவ்வளவு தளவிளைவு பெற்றிருக்கும் என்ற பழைய புதிருக்கு, ஒளி பல தடவை சிதறுவதையும் சேர்த்து 1940-களில் முழுக் கணக்குப் போட்டது அவர்தான். ராமனுக்கு மருமகன் முறையான பஞ்சரத்தினம், 1956-ல் தன் 22-வது வயதில், தளவிளைவு பெற்ற ஒளிக்கற்றைகள் ஒன்றோடு ஒன்று கலப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையை, சுமார் 30 வருஷம் கழித்துத்தான் உலகம் முழுசாகக் கவனித்தது. அதற்குள் அவர் 35 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகியிருந்தார். இன்னொரு மருமகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், தட்டு வடிவ மூலக்கூறுகள் கொண்ட புதுவகைத் திரவப் படிகத்தை 1977-ல் பெங்களூரில் கண்டறிந்தார். எல்.சி.டி திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியவைக்கும் படலங்களில் அந்த வகைப் பொருள்கள் பயன்பட்டன. சித்தப்பா கடலில் பார்த்தார், பிள்ளைகள் வானத்திலும் திரையிலும் பார்த்தார்கள்.

கடையில நிற்கும்போது

நிக்கல் பட்டகம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. விலை மலிவான தாள் வந்த கதையும் வேடிக்கைதான். 1852-ல் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹெராபத், குயினைன் கொடுத்த நாயின் சிறுநீரில் அயோடின் கலந்தபோது உண்டான பச்சைப் படிகங்களுக்கு இந்தக் குணம் இருப்பதைப் பார்த்தார். ஹார்வர்டு படிப்பை விட்டுவிட்டு வந்த எட்வின் லேண்ட், அந்தப் படிகங்களைத் தாளில் வரிசையாகப் பதிக்கும் வழியை 1929-ல் கண்டுபிடித்தார். அப்படித்தான் அது கூலிங்கிளாஸுக்குள்ளும், சினிமா தியேட்டருக்குள்ளும் வந்தது. 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்க உங்க அப்பா, அம்மாவுக்குக் கொடுத்த கண்ணாடியும் இந்த வகைதான். ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வெளிச்சத்தை வெட்டிடுறதால 3டி படம்னாலே கொஞ்சம் இருட்டடிக்கும்.

இப்போ ரோட்டோரத்துல 150 ரூபாய்க்குத் தொங்குறதுலயும் 'போலரைஸ்டு' ஸ்டிக்கர் இருக்கு. கண்டுபிடிக்கிறது சுலபம். கண்ணாடியை ஒரு எல்.சி.டி திரைக்கு முன்னாடி பிடிச்சு முழுசா ஒரு சுத்து சுத்துங்க. எங்கேயாவது நல்லா கறுத்தா நிஜம், ஒரே மாதிரி இருந்தா வெறும் கறுப்புக் கண்ணாடி. போன்ல கறுக்கலைன்னா உடனே முடிவு பண்ணாதீங்க, மேலே சொன்ன மாதிரி சில போன் கறுக்காது. கடைக்காரரோட கால்குலேட்டர்லயும் பாருங்க. திரையே இல்லையா? ஒரே மாடல்ல ரெண்டு கண்ணாடி வாங்கி, ஒண்ணோட லென்ஸ் மேல இன்னொண்ணைக் குறுக்கே வைங்க.

ஆனா இந்தச் சோதனையில ஜெயிச்ச கண்ணாடி கண்ணுக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்ல. தளவிளைவு வேற, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது வேற. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கணும்னு கட்டாயம் கிடையாது. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, வெறுங்கண்ணைவிட மோசமாகக்கூட இருக்கலாம். இருட்டுல கண்ணோட பாப்பா விரியும், விரிஞ்ச வாசல் வழியா அந்தக் கதிர் தாராளமா உள்ளே போகும். வருஷக்கணக்கா வெயில்ல இருக்கிறவங்களுக்குக் கண்புரையும், கண்ணோரத்துல சதை வளர்றதும் வர இந்தக் கதிரும் ஒரு காரணம். அதனால 'யூவி 400' இருக்கான்னு தனியா கேளுங்க. கண்ணாடிக் கடையில அதை அளக்கிற சின்ன மீட்டர் இருக்கும், போட்டுக் காட்டச் சொல்லுங்க. வயல்வேலை பார்க்கிற அப்பாவுக்கோ, நாள் பூரா டெலிவரி வண்டியில சுத்துற தம்பிக்கோ வாங்கிக் கொடுக்கிறீங்கன்னா, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா, போலரைஸ்டை விட்டுட்டு யூவி 400 வாங்குங்க. நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ்கூட அந்த வேலையைச் செய்யும்.

ராத்திரி இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்க. எதிர் ஹெட்லைட்டும் ஒழுங்கில்லாத ஒளிதான், கூச்சம் தனியா போகாது. ரோட்டுல நடக்கிற ஆள்தான் பாதி வெளிச்சத்துல காணாமப்போவார்.

அப்புறம், கிரகணம். 2019 டிசம்பர் 26-ம் தேதி கோவை, கரூர், திருச்சி வழியா வளையச் சூரிய கிரகணம் போனது ஞாபகம் இருக்கும். 'ரெண்டு போலரைஸ்டு கண்ணாடியைக் குறுக்கே வெச்சா முழு இருட்டு, அதுல சூரியனைப் பார்க்கலாமே'ன்னு யாருக்காவது தோணலாம். கூடவே கூடாது. இந்தத் தாள்கள் கண்ணுக்குத் தெரியிற ஒளியைத்தான் அணைக்கும். அகச்சிவப்புக் கதிர் அதுபாட்டுக்கு உள்ளே வந்துக்கிட்டே இருக்கும். வலியே இல்லாம விழித்திரை வெந்துபோகும்.

பெரிய கோயிலும் தங்க ரேக்கும்

போன்ல மாட்டுற சுழலும் தளவிளைவு ஃபில்டர் இப்போ ஈஸியா கிடைக்குது. பெரிய கோயில்ல அதைப் போட்டும் வானம் நீலமா வரலைன்னு பல பேர் புலம்புவாங்க. காரணம் நிக்கிற இடம். வானத்து ஒளி அதிகமா தளவிளைவு பெறுறது சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கிற பகுதியில. கோயில் கிழக்கு பார்த்தது. காலையில வாசல்ல நின்னு விமானத்தைப் பார்த்தா சூரியன் உங்க முதுகுக்கு நேர் பின்னாடி. எதிர்ல தெரியிற வானத்துல ஃபில்டருக்கு வேலையே இல்ல. பிரகாரத்துல தெற்குப் பக்கம் போய், வடக்குப் பார்த்து நின்னு, ஃபில்டரை மெதுவா சுத்துங்க. வானம் அடர்நீலத்துக்கு இறங்கும், கல் பொன்னிறமா தனியா எழும்பி நிக்கும். பாதிக்கு மேல வெளிச்சம் போயிடுறதால கை ஆடாம பிடிக்கணும்.

தஞ்சாவூர் ஓவியத்தைப் படம் எடுக்கிறதுதான் இதைவிட எனக்கு ஆச்சர்யம். தேக்குச் சட்டம், மேலே கண்ணாடி. எப்படி எடுத்தாலும் ஓவியத்துல உங்க முகமும் டியூப் லைட்டும் விழும். நேர் எதிர்ல நின்னா ஃபில்டரால ஒண்ணும் பண்ண முடியாது, நேருக்கு நேர் தெறிக்கிற ஒளி ஒழுங்காகிறது இல்ல. கண்ணாடிக்கு ப்ரூஸ்டர் கோணம் சுமார் 56 டிகிரி. அந்த அளவுக்குப் பக்கவாட்டுல சாய்ஞ்சு நின்னு ஃபில்டரைச் சுத்தினா, மேல இருக்கிற கண்ணாடியே இல்லாத மாதிரி பளபளப்பு மறைஞ்சுடும். படம் கொஞ்சம் கோணலா வரும், அதை போன்லயே நிமிர்த்திக்கலாம். ஆனா கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற தங்க ரேக்கு மட்டும் அப்படியே ஜொலிக்கும். உலோகத்துல பட்டுத் தெறிக்கிற ஒளி, தண்ணியிலயும் கண்ணாடியிலயும் தெறிக்கிற மாதிரி ஒரே வாகுக்கு அடங்குறது இல்ல. ஃபில்டரை எப்படிச் சுத்தினாலும் கிருஷ்ணரோட நகை மங்காது.